வழிகாட்டிக் குழுவுடன் எவரெஸ்ட்: ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள்

நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டி, ஷெர்பா துணையோடு எவரெஸ்ட் ஏறுவது இன்று பெரிய தொழிலாக வளர்ந்திருக்கிறது. 2023 வசந்தப் பருவத்தில் மட்டும் நேபாள அரசு 478 பேருக்கு ஏறும் அனுமதி வழங்கியது. பாதையின் பெரும்பகுதியில் கயிறு கட்டப்பட்டிருக்கும். மேல்முகாம்களில் கூடாரமும் சமையல் எரிவாயுவும் காத்திருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர்களை வேறொருவர் சுமந்து கொண்டுபோய் வைத்திருப்பார். இத்தனை ஏற்பாடு இருந்தும் ஒவ்வொரு பருவத்திலும் சிலர் திரும்பி வருவதில்லை. அவர்களில் கணிசமானோர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது இறந்தவர்கள் என்பதை, இந்தப் பயணத்தைப் பற்றி யோசிக்கும் எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

8,848.86 மீட்டர் உயரமுள்ள உச்சியில், கடல்மட்டக் காற்றழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. 8,000 மீட்டரைத் தாண்டிய பிறகு உடல் தேறுவதே இல்லை. தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது தேய்ந்துகொண்டே போகிறது. கணக்குப் போடவும், நேரத்தை எடைபோடவும், ‘இது போதும், திரும்பலாம்’ என்று சொல்லவும் வேண்டிய மூளை அந்த உயரத்தில் மந்தமாகிவிடுகிறது. ஆகவே மேலே எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவற்றைத் தெளிந்த தலையோடு ஊரிலேயே எடுத்து, நிறுவனத்துடன் எழுத்தில் ஒப்புக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் நேபாளம் வழியாகச் செல்லும் தென்கிழக்கு முகட்டுப் பாதையைப் பற்றியவை. திபெத் வழியான வடக்குப் பாதைக்கு விதிகளும் வேறு, ஆபத்துகளும் வேறு.

போகத் தகுதி வந்துவிட்டதா?

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். எவரெஸ்ட் அடிமுகாமுக்கு நடந்து செல்லும் வழியில் இரண்டாம் நாளே வந்துவிடும் நாம்சே பஜார் என்னும் சந்தை ஊர் 3,440 மீட்டரில் இருக்கிறது. சமவெளியில் வாழ்பவர் கால்களையும் இதயத்தையும் பழக்கலாம். பதினைந்து கிலோ பையுடன் மாடிப்படி ஏறி இறங்குவது உண்மையிலேயே பயன்தரும் பயிற்சி. ஆனால் உயரத்துக்கு உடலைப் பழக்குவது உயரத்தில் மட்டுமே நடக்கும். மாரத்தான் ஓடுபவருக்கும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உடல் வலிமை அதற்கு எதிரான காப்பு ஆகாது. வலிமையானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில நேரங்களில் அவர்களே முதலில் படுக்கிறார்கள்.

வெப்ப நாட்டில் பிறந்தது ஒரு தடையாகாது என்பதும் உண்மை. எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் என்ற தமிழர்கள்தாம். அது 1997 மே 23. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023இல் அதே மே 23ஆம் நாள் உச்சியில் நின்றார்.

பயிற்சிக்கு இந்தியாவில் நல்ல வழி உண்டு. டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனமும் ஏறத்தாழ ஒரு மாத கால அடிப்படைப் பயிற்சியை நடத்துகின்றன. அதில் ‘ஏ’ தரம் பெற்றவர்களுக்கு மேல்நிலைப் பயிற்சி உண்டு. தனியார் நிறுவனங்களின் வார இறுதி முகாம்களைவிட இவற்றுக்கே முதலில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். விழுந்தால் பனிக்கோடரியால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதை உடம்பு மறக்காதபடி திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

பயிற்சிக்குப் பிறகு படிப்படியாக உயர வேண்டும். முதலில் லடாக்கில் உள்ள 6,000 மீட்டர்ச் சிகரம் ஒன்று. அடுத்து நுன், சதோபந்த் போன்ற 7,000 மீட்டர்ச் சிகரம் ஒன்று. முடிந்தால் நேபாளத்தின் மனாஸ்லு போன்ற ஓர் எட்டாயிரம். நேபாளத்தில் 7,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றை ஏறியிருந்தால்தான் எவரெஸ்ட் அனுமதி என்னும் நிபந்தனையைக் கொண்ட மசோதா 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. சட்டம் எந்த வடிவம் எடுத்தாலும், அந்த நிபந்தனையை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்வது நல்லது. 7,000 மீட்டரில் உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, விரல்கள் எவ்வளவு விரைவில் மரத்துப்போகின்றன என்பவற்றை எவரெஸ்டில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்வேன் என்று கிளம்புபவர், தன்னோடு வரும் ஷெர்பாவின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

கட்டணம் ஏறத்தாழ 35,000 டாலரில் தொடங்கி ஒரு லட்சம் டாலரையும் தாண்டிச் செல்கிறது. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் தேர்வின் முதல் படி. அடிமுகாமில் சூடான குளியலறைக்கும் நல்ல காபிக்கும் கூடுதல் பணம் போகிறதென்றால் அதை விட்டுவிடலாம். ஆக்சிஜன், அனுபவமுள்ள ஷெர்பாக்கள், வானிலைக் கணிப்பு, வானொலித் தொடர்பு ஆகியவற்றில் கைவைத்துத்தான் விலை குறைக்கப்பட்டிருக்கிறது என்றால், அந்த நிறுவனம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நிறுவனங்களின் விளம்பரத்தில் ‘நூறு சதவீத வெற்றி’ என்ற வாசகத்தைக் கண்டால் சற்று ஒதுங்குவது நல்லது. எல்லோரையும் உச்சிக்குக் கொண்டுபோன நிறுவனம் என்றால், திருப்பி அனுப்ப வேண்டியவர்களையும் அது மேலே கொண்டுபோயிருக்கலாம். பத்திரிகையாளர் எலிசபெத் ஹாலி காத்மாண்டுவில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து திரட்டிய குறிப்புகளிலிருந்து உருவான இமாலயன் டேட்டாபேஸ் என்ற ஆவணத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எந்தக் குழுவில் எத்தனை பேர் ஏறினார்கள், யார் எங்கே, எதனால் இறந்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. விளம்பரத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்து, உங்களுடன் உச்சிக்கு வரப்போகும் ஷெர்பா யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எட்டாயிரம் மீட்டர்ச் சிகரங்களில் ஏறுபவர் இருவருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும் என்பது நேபாளத்தின் 2025 விதி. உச்சி இரவைப் பொறுத்தவரை ஒருவருக்கு ஒருவர் என்பதே பொறுப்பான ஏற்பாடு. ஏனெனில் இருவரில் ஒருவர் திரும்ப வேண்டிவந்தால், மற்றவரைத் தனியே விடுவதா, அல்லது இருவரையும் இறக்குவதா என்ற கேள்விக்கு அங்கே நல்ல விடை கிடையாது. அந்த ஷெர்பா முன்பு எத்தனை முறை, உச்சிக்கு முந்தைய கடைசி முகாம் அமையும் தென்கணவாய்க்கு மேலே போயிருக்கிறார், சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று பெற்றவர் குழுவில் யாரேனும் உண்டா, உங்களுக்கும் ஷெர்பாவுக்கும் பொதுவாக எந்த மொழி தெரியும் என்பவற்றையும் கேட்க வேண்டும். இந்தி தெரிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். தமிழும் சிறிது ஆங்கிலமும் மட்டுமே தெரிந்தவர் ‘கயிற்றை மாற்று’, ‘குழாயைப் பார்’, ‘கை மரத்துவிட்டது’, ‘உட்காராதே’ போன்ற இருபது நேபாளிச் சொற்றொடர்களையாவது மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். முகமூடிக்குள்ளிருந்து வரும் குரல் காற்றில் பாதிதான் கேட்கும்.

ஷெர்பாவின் காப்பீட்டுத் தொகை எவ்வளவு, அவருக்கும் உங்களுக்கு ஈடான உடையும் காலணியும் உண்டா, அவருக்கென்று தனி ஆக்சிஜன் கணக்கு இருக்கிறதா என்பவை கருணையால் கேட்கும் கேள்விகள் என்று நினைத்துவிடக் கூடாது. தன் சிலிண்டரை உங்களுக்குக் கழற்றித் தர வேண்டிய நிலையில் ஒருவரை வைத்திருக்கும் நிறுவனம், கணக்கை ஏற்கெனவே தவறாகப் போட்டிருக்கிறது.

ஆக்சிஜன் கணக்கு

இதை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமாகப் பயன்படும் நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,200 லிட்டர் ஆக்சிஜன் அடைக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் அது பத்து மணி நேரம் வரும். 3 லிட்டர் என்றால் ஆறு மணி நாற்பது நிமிடம். 4 லிட்டர் என்றால் ஐந்தே மணி நேரம். கடுங்குளிரில் அழுத்தம் குறைவதாலும் இணைப்புகளில் கசிவு இருக்கக்கூடும் என்பதாலும் இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கையாவது கழித்துக்கொள்வது நல்லது.

தென்கணவாயிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பப் பதினாறு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் இருந்தால் அது மிகையான மதிப்பீடு ஆகாது. நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் 2,880 லிட்டர் தேவை. அதாவது உச்சி இரவுக்கு மட்டும் மூன்று சிலிண்டர். மூன்றாம் முகாமில் தூங்கவும் அங்கிருந்து தென்கணவாய் வரை ஏறவும் ஒன்று. தென்கணவாயில் கிளம்பும் முன் ஓய்வெடுக்க ஒன்று. களைத்து இறங்கி வந்து அங்கே இன்னொரு இரவு தங்க நேர்ந்தால் அதற்கு ஒன்று. ஆக ஆறு. நிறுவனம் நான்குதான் தருவேன் என்றால், எந்த இடத்தில் எவ்வளவு வீதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தத் தாளில் இறங்கும் நேரம் குறைத்துக் காட்டப்பட்டிருக்கும்.

2016 மே மாதம் மேற்கு வங்கத்திலிருந்து சென்ற நால்வர் குழுவில் மூவர் உயிருடன் திரும்பவில்லை. மெதுவாக ஏறினார்கள், நேரம் கடந்தது, இறங்கும்போது ஆக்சிஜன் தீர்ந்தது. நான்காமவரான பெண்மணி பிழைத்ததற்கு, தன் உச்சிப் பயணத்தைக் கைவிட்டு அவரைக் கீழே இழுத்து வந்த ஒரு பிரிட்டிஷ் மலையேறியே காரணம். வீட்டை அடகு வைத்தும், ஊரார் நன்கொடையிலும் பணம் திரட்டிக் கிளம்பும் நம் நாட்டு மலையேறிகள் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். கடன் வாங்கிய பணம் மேலே தள்ளும். இறக்கிக் கொண்டுவர அது உதவாது.

அனுமதி, காப்பீடு

2025 செப்டம்பர் முதல் வசந்தப் பருவ அனுமதிக் கட்டணம் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்ந்திருக்கிறது. அனுமதி முன்பு 75 நாள் செல்லுபடியாகும். இப்போது 55 நாள்தான். மருத்துவச் சான்று கட்டாயம். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிறு பிரதிபலிப்புச் சில்லை உடையில் தைத்துக்கொள்வதும், மலத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவதும் 2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்ளும்.

காப்பீட்டை மட்டும் பிறரிடம் விட்டுவிடக் கூடாது. சாதாரணப் பயணக் காப்பீடு 4,000 அல்லது 5,000 மீட்டரோடு நின்றுவிடும்; ‘கயிறும் வழிகாட்டியும் தேவைப்படும் மலையேற்றம்’ என்று சிறிய எழுத்தில் விலக்கியும் இருப்பார்கள். 8,848 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு, மருத்துவமனைச் செலவு, உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசிவிடுவதும் நல்லது. 8,000 மீட்டருக்கு மேலிருந்து ஓர் உடலை இறக்குவது பல ஷெர்பாக்களின் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அது வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை வீட்டில் இருப்பவர்கள்மேல் சுமத்துவதைவிட நீங்களே எழுதிவைப்பது முறை. வழக்கமான ஹெலிகாப்டர் மீட்பு இரண்டாம் முகாம் வரையில்தான் என்பதும் நினைவிருக்கட்டும். அதற்கு மேலே நடந்துதான் இறங்க வேண்டும், அல்லது பிறர் இறக்க வேண்டும்.

உயரத்துக்கு உடலைப் பழக்குதல்

லுக்லா விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர் நீளமே உள்ளது. மேகம் வந்தால் நாள்கணக்கில் விமானம் இருக்காது. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட நடையை வேகப்படுத்துவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. 3,000 மீட்டருக்கு மேலே, முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து தூங்கக் கூடாது; மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இரண்டாம் இரவும் தங்க வேண்டும். நாம்சேயிலும் 4,410 மீட்டரில் உள்ள டிங்போச்சேயிலும் தங்குவது இதனால்தான்.

தலைவலி வந்தால் உயரநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு காரணம் பிறகு தெரிந்தால் நல்லதுதான். தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம், பசியின்மை சேர்ந்தால் அங்கேயே நிற்க வேண்டும். மோசமானால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நடக்க முடியாதவருக்கு மூளை வீக்கம் தொடங்கிவிட்டதாகக் கொண்டு, இரவானாலும் இறக்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, படுத்தால் இருமல் கூடுவது, சளியில் நுரையும் இளஞ்சிவப்பும் தெரிவது ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளங்கள். அசிட்டசோலமைடு, டெக்சாமெத்தசோன், நிபெடிபின் என்ற மூன்று மருந்துகளும் குழுவின் பெட்டியில் இருக்கும். எந்த நிலையில் எது, எவ்வளவு என்று கிளம்பும் முன்பே மலை மருத்துவம் அறிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் எல்லாம் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை. இறங்காமலேயே இருக்க உரிமம் தருபவை அல்ல.

அடிமுகாமை அடைந்த பிறகு ஏறி இறங்கி, ஏறி இறங்கி உடலைப் பழக்குவார்கள். சில நிறுவனங்கள் முதல் சுற்றை 6,119 மீட்டர் உயரமுள்ள லோபுச்சே கிழக்குச் சிகரத்தில் வைக்கின்றன. அடிமுகாமை அடுத்துள்ள ஆபத்தான கும்பு பனியருவியை ஒரு முறையாவது குறைவாகக் கடக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த ஏற்பாடு உள்ள நிறுவனத்துக்கு நான் ஒரு படி கூடுதல் மதிப்பு தருவேன். (2025இல் செனான் வாயுவை முகர்ந்துவிட்டுச் சென்ற சிலர் ஒரு வாரத்துக்குள் உச்சியை அடைந்து பெரிய செய்தியானார்கள். அவர்கள் அதற்கு முன்பே பல வாரங்கள் வீட்டில் ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கியவர்கள் என்பதைச் செய்தியின் தலைப்புகள் சொல்லவில்லை.)

கும்பு பனியருவி

அடிமுகாமுக்கும் முதல் முகாமுக்கும் இடையில் கும்பு பனியாறு சரிவில் உடைந்து, வீடளவும் அதைவிடப் பெரிதுமான பனிப்பாளங்களாகக் குவிந்து கிடக்கிறது. அது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்கிறது. சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு அமர்த்தும் ‘பனியருவி மருத்துவர்கள்’ என்ற ஷெர்பாக்கள் பருவத்தின் தொடக்கத்தில் ஏணிகளும் கயிறுகளும் அமைத்துப் பாதை திறப்பார்கள். நகர்வால் பாதை அறுந்தால் மீண்டும் அமைப்பார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று மேற்குத் தோளிலிருந்து சரிந்த பனிக்கட்டி இங்கே 16 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றது. 2023 ஏப்ரலில் மூன்று ஷெர்பாக்கள் இதே இடத்தில் புதைந்தார்கள். வாடிக்கையாளர் இந்தப் பகுதியைச் சில முறை கடக்கிறார்; அவருடைய கூடாரத்தையும் சோற்றையும் சிலிண்டரையும் சுமப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு கடக்கிறார்கள்.

இங்கே திறமையைவிட வேகமே காப்பு. நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பி, வெயில் படுவதற்குள் தாண்டிவிட வேண்டும். ஓய்வெடுக்கும் இடங்களை ஷெர்பா சொல்வார். தொங்கும் பாளத்தின் நிழலில் நின்று படம் எடுக்கக் கூடாது. அடிமுகாமிலேயே தரையில் ஏணியைக் கிடத்தி, முழு உடையுடனும், பனியில் பிடிமானத்துக்காகக் காலணியில் மாட்டும் பற்சட்டமான கிராம்பானுடனும் நடந்து பழகுங்கள். முன்பற்களும் பின்பற்களும் இரண்டு படிகளைக் கவ்வும்படி பாதத்தை நடுவில் வைக்க வேண்டும். கால் சிறியதாக இருந்தால் படிகளின் இடைவெளி பொருந்தாது, பாதத்தின் நடுப்பகுதியைப் படிமேல் வைக்கும் வேறு முறையைக் கற்க வேண்டும். இருபுறக் கைக்கயிறுகளையும் பின்னால் நிற்பவர் இழுத்து விறைப்பாக்கிக் கொடுப்பார். பார்வை அடுத்த படியில் மட்டும் இருக்கட்டும்.

கயிற்றில் மாட்டிக்கொள்ளும் முறையைப் பழக்கமாக்கிவிட வேண்டும். இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு கயிற்றுத் துண்டுகள் வரும். ஒன்றின் முனையில், கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் பிடிகருவியான ஜூமார்; மற்றதில், திறந்து மூடும் கொக்கியான கரபினர். கயிறு பனியில் பிணைக்கப்பட்ட இடம் வந்ததும் முதலில் கரபினரைக் கழற்றி அந்தப் பிணைப்புக்கு அப்பால் மாட்டு; பிறகு ஜூமாரைக் கழற்றி அப்பால் மாட்டு. இரண்டும் ஒரே கணத்தில் கயிற்றைவிட்டு வெளியே இருக்கவே கூடாது. இரண்டாம் முகாமுக்கும் தென்கணவாய்க்கும் இடையிலுள்ள செங்குத்தான லோட்சே சரிவில் இதில் தவறியவர்கள் அடிவாரம்வரை போயிருக்கிறார்கள். தடித்த கையுறையைக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு, ஊரில் ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் இதை நூறு முறை செய்துபார்ப்பது எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் கிடைக்காத பயிற்சி. இறங்கப் பயன்படும் எட்டுவடிவ வளையம் கைதவறி விழுந்துவிட்டால் கரபினரை மட்டும் கொண்டு இறங்கும் இத்தாலிய முடிச்சையும் கற்றுக்கொள்ளுங்கள். பழைய பருவங்களின் கயிறுகள் புதியவற்றோடு பின்னிக் கிடக்கும். எதில் மாட்டுவது என்று சந்தேகம் வந்தால் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

உச்சி இரவும் திரும்பும் நேரமும்

ஆண்டின் பெரும்பகுதியில் உச்சியை அறைந்துகொண்டிருக்கும் உயர்மட்டக் காற்றோட்டம் மே மாத நடுவில் வடக்கே நகரும்போது சில நாட்கள் காற்று தணிகிறது. அந்தச் சில நாட்களுக்காக எல்லாக் குழுக்களும் காத்திருப்பதால்தான் நெரிசல். 2019 மே 22 அன்று உச்சி முகட்டில் எடுக்கப்பட்ட, நூற்றுக்கணக்கானோர் ஒரே கயிற்றில் வரிசைகட்டி நிற்கும் படம் உலகெங்கும் பரவியது. வானிலை திறக்கும் முதல் நாளிலேயே அனைவரும் கிளம்பும்போது, சற்றே காற்று கூடுதலான மறுநாளுக்குக் காத்திருக்கும் தலைவரை நம்பலாம். அதற்கான உணவும் ஆக்சிஜனும் இரண்டாம் முகாமில் கையிருப்பு இருக்கிறதா என்பதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஏறத்தாழ 7,900 மீட்டரில் உள்ள தென்கணவாயிலிருந்து இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் கிளம்புவார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை: முகமூடியும், ஆக்சிஜன் வரும் வீதத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் மாட்டி அளவுமானியைப் படித்துப் பார்த்தல், உதிரி முகமூடி யாருடைய பையில் இருக்கிறது என்று அறிதல், தலைவிளக்குக்குப் புதிய மின்கலம், உதிரிக் கையுறையும் பனிக்கண்ணாடியும் உடம்போடு ஒட்டிய பையில், குடிநீரை இறகுச்சட்டைக்குள். மூச்சு வெளியேறும் துளையில் ஈரம் உறைந்து பனி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது முகமூடியைக் கையால் அமுக்கி அதை உடைத்துவிட வேண்டும். திடீரென்று கால் நகர மறுத்தால் உங்கள் மனவலிமையைச் சந்தேகிக்கும் முன் குழாயைச் சந்தேகியுங்கள். ஏறத்தாழ 8,400 மீட்டரில் ‘பால்கனி’ என்று அழைக்கப்படும் மேடையில் சிலிண்டர் மாற்றுவது வழக்கம். அங்கே நின்று மணி என்ன, அளவுமானி என்ன என்ற இரண்டையும் ஷெர்பாவிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் நேரம்தான் இந்தப் பயணம் முழுவதிலும் எடுக்கும் மிகப் பெரிய முடிவு. 1996 மே 10 அன்று இரண்டு வணிகக் குழுக்களில் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு இருந்தும் அது நடைமுறையாகவில்லை. நான்கு மணியை ஒட்டியும் உச்சியில் ஆட்கள் இருந்தார்கள். அன்றைய புயலில் மலையின் இருபுறமுமாக எட்டுப் பேர் இறந்தனர். ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் என்ற இரு குழுத் தலைவர்களும் அவர்களில் அடக்கம். மலையில் மிகுந்த அனுபவம் உள்ளவர்களுக்கே இது நேர்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அன்றைவிட முன்னதாகக் கிளம்பும் இன்றைய வழக்கத்தில் முற்பகல் பதினொன்று என்பது நியாயமான எல்லை. அதோடு ஆக்சிஜன் எல்லையும் ஒன்று வேண்டும்: கையிலிருப்பதும் வழியில் வைத்திருப்பதும் சேர்ந்து, தென்கணவாய்க்கு இறங்கத் தேவையான அளவில் ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால், மணி எட்டே ஆனாலும் திரும்ப வேண்டும். வழியில் வைத்த சிலிண்டரைப் பிறர் எடுத்துவிட்ட சம்பவங்கள் உண்டு. ஆகவே கண்ணால் பார்க்கும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த இரண்டு எல்லைகளையும், ‘ஷெர்பா திரும்பச் சொன்னால் நான் வாதாட மாட்டேன்; அதற்காக அவருடைய உச்சி ஊக்கத்தொகை குறைக்கப்படாது’ என்ற வாக்கியத்தையும் ஒரே தாளில் எழுதி, அடிமுகாமில் நீங்கள், ஷெர்பா, குழுத் தலைவர் ஆகிய மூவரும் கையெழுத்திடுங்கள். உச்சிக்குப் போனால்தான் ஊக்கத்தொகை என்ற ஏற்பாட்டில், திரும்பச் சொல்லும் ஷெர்பா தன் குடும்பத்தின் வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையை முன்கூட்டியே நீக்கிவைப்பது உங்கள் பாதுகாப்புக்கு நீங்கள் செலவிடும் தொகைகளிலேயே மிகச் சிறியது.

இறக்கம்

உச்சியில் பதினைந்து நிமிடம் போதும். கொடியும் படமும் வேண்டுமென்றால் எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று முன்பே ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கழற்றிய கையுறையோடு விரல்களை இழந்தவர்கள் உண்டு. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் இறங்கும் வழியில் வரும். அதை ஆக்சிஜன் குறைவின் அறிகுறியாகவே கொண்டு உடனே ஷெர்பாவிடம் சொல்ல வேண்டும். முடிந்தால் அன்றே தென்கணவாயைத் தாண்டி இன்னும் கீழே போய்விடுவது மேல். முடியாவிட்டால் அதற்கென ஒதுக்கிய ஆறாவது சிலிண்டர் இருக்கிறது.

விரல்கள் வெளுத்து, கட்டைபோல் உணர்ச்சியற்றுப் போயிருந்தால் தேய்க்கவோ, பனியால் உரசவோ, அடுப்பில் காட்டவோ கூடாது. மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்தை அடைந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும், அது நல்ல அடையாளம். உருகிய காலால் நடப்பது உறைந்த காலால் நடப்பதைவிடக் கெடுதி என்பதால், நடந்தே இறங்க வேண்டியிருந்தால் காலை அப்படியே விட்டு இறங்குவது மேல். அடிமுகாமில் பருவந்தோறும் இயங்கும் எவரெஸ்ட் ஈஆர் மருத்துவக் கூடாரத்தில் காட்டிவிட்டு, தாமதமின்றிக் காத்மாண்டுவுக்குப் போக வேண்டும். சிகிச்சை மணிக்கணக்கில் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

மேலே சேர்ந்த குப்பையை மலையிலேயே விட்டுவிடாமல் கீழே கொண்டுவந்து ஒப்படையுங்கள். அன்பளிப்புத் தொகையை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் போகாமல், ஷெர்பா, சமையற்காரர், அவருடைய உதவியாளர் ஆகியோர் கையில் நேரடியாகக் கொடுங்கள். உச்சிச் சான்றிதழுக்கு நேபாளச் சுற்றுலாத் துறையில் விண்ணப்பிக்கும்போது உச்சியில் எடுத்த படமும் குழுத் தலைவர், தொடர்பு அதிகாரி ஆகியோரின் அறிக்கையும் தேவைப்படும். 2016இல் இந்தியத் தம்பதி ஒருவர் பிறர் படத்தைத் திருத்திச் சான்றிதழ் வாங்கி, பின்னர் அது ரத்தானதிலிருந்து படங்களை இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள். ஆகவே முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல், பின்னணியில் லோட்சேயோ மகாலுவோ தெரியும்படி சில நொடிகளில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கையுறையைக் கழற்றாமல் ஷெர்பாவே எடுக்கும்படி கருவியை முன்கூட்டியே அமைத்துக் கொடுத்துவிடுங்கள்.